இறைச்சிப் பேணியில் வெளிப்பட்ட உயிர்

விண்வெளியின் கொடுமையைத் தாங்கவல்ல உயிர் உண்டோ என்னும் வினாவுக்கு ஒரு குறிப்பு, தொலைநோக்கியிலன்றிக் கெட்டுப்போன இறைச்சிப் பேணி ஒன்றிலே கிடைத்தது.

1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒறெகன் மாநிலத்துக் கோர்வாலிஸ் நகரில், ஆதர் அன்டர்சன் என்பாரும் அவர்தம் துணைவரும் காமாக் கதிர்களைப் பாய்ச்சி உணவைக் கெடாது காக்கும் வழியை ஆராய்ந்தனர். எந்தக் கிருமியும் எஞ்சாது என நம்பிய அளவு கதிரைப் பாய்ச்சிய பின்னரும் பேணியிலிருந்த இறைச்சி கெட்டது. அதனுள் செந்நிறப் பற்றீரியா ஒன்று செழித்திருந்தது. டைனோகொக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என இன்று அதனை அழைப்பர்.

மனிதனைக் கொல்ல 5 கிறே அளவு கதிர் போதும். இச்சிற்றுயிரோ 5,000 கிறேயையும் தாங்கும். அதன் டி.என்.ஏ. இழை சிதறாமலிருப்பதில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறவே செய்கிறது. ஆனால் ஒரே இழையின் பல படிகள் உயிரணுவில் இருப்பதால், ஒன்றின் துண்டை மற்றொன்றின் துண்டோடு ஒப்புநோக்கி, சில மணி நேரத்துள் முழு இழையையும் மீளத் தொடுத்துவிடுகிறது.

இத்துணைக் கதிர் இயற்கையாக வீசும் இடம் பூமியில் இல்லையே, இவ்வாற்றல் எங்ஙனம் வந்தது? செவ்வாயிலிருந்து வந்த உயிர் என்று கூறினாரும் உளர். விடை அத்துணைத் தொலைவில் இல்லை. 1996இல் மற்றிமோர், பற்றிஸ்ற்றா என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கதிரைத் தாங்கும் வலி இழந்த வகைகள் வறட்சியைத் தாங்கும் வலியையும் இழந்திருந்தமையைக் காட்டினர். நீரின்றி உலர்ந்தாலும் டி.என்.ஏ. உடையும். வறட்சிக்கென வாய்த்த கைவன்மையே கதிருக்கும் உதவியது எனலாம்.

யப்பானியர் இதனை விண்ணிலேயே சோதித்தனர். யமகிசி என்பார் குழுவினர், 2015 முதல் 2018 வரை, சர்வதேச விண்வெளி நிலையத்தின் புறத்தே உலர்ந்த பற்றீரியாத் திரள்களை வைத்தனர். மேற்படை மடிந்து கவசமாயிற்று. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள திரள்களின் உட்புறத்தில் மூன்றாண்டின் பின்னும் உயிர் எஞ்சியது. ஆயினும் அந்நிலையம் பூமியின் காந்தப் புலத்தின் காவலுக்குள்ளேயே சுற்றுகிறது. கோள் விட்டுக் கோள் செல்லும் என இதனால் துணிந்துவிட இயலாது.

அஞ்சத்தக்கது வேறொன்று. செவ்வாயில் நாளை ஓர் உயிர் காணப்படின், அது அங்கே பிறந்ததா, நமது கலத்தில் ஏறிச் சென்றதா? வேற்றுலகங்களை மாசுபடுத்தலாகாது என 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை விதித்தது. 1975இல் ஏவிய வைக்கிங் இறங்குகலங்களை, 110 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பல மணி நேரம் வாட்டியே அனுப்பினர். ஆயினும் கலங்களைப் பூட்டும் தூய அறைகள் உலர்ந்தவை, உணவற்றவை. மெலிந்த கிருமிகள் மடிய, வலியன எஞ்சும். புளோரிடாவிலும் பிரெஞ்சு கயானாவிலும் இத்தகைய அறைகளிலிருந்து எடுத்த ரெர்சிகொக்கஸ் என்னும் பற்றீரியா, 2013இல் புதிய இனமென அறிவிக்கப்பட்டது.