கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்பு: வரிசை என்று ஒன்று இருக்கிறதா?

இங்கிலாந்தில் கவுன்சில் வீடு கேட்டு விண்ணப்பித்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பொதுவாக முதலில் கேட்பது, தங்களுடைய முறை எப்போது வரும் என்பதைத்தான். இதற்கு அதிகாரிகளால் திட்டவட்டமான பதில் கூற முடிவதில்லை. விண்ணப்பதாரர் பதிவேடு என்பது, பெயர் கொடுத்த ஒழுங்கில் ஒவ்வொருவராக அழைக்கப்படும் வரிசை அல்ல. பத்து ஆண்டுகள் காத்திருந்தவரைத் தாண்டி, பத்து மாதங்களுக்கு முன்னர் பதிவு செய்தவர் வீடு பெறுவது சட்டப்படி சரியானதாகவே இருக்கக்கூடும்.

இதனை அறியாமல், காத்திருப்பே உரிமையைத் தந்துவிடும் என்று நம்பியிருப்பவர்கள், உண்மையில் உரிமை தங்கியிருக்கும் சில காலக்கெடுக்களைத் தவறவிட்டு விடுகின்றனர்.

2024 மார்ச் மாத நிலவரப்படி இங்கிலாந்தின் பதிவேடுகளில் 13 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இருந்தன. 2025 மார்ச் இறுதியில் சுமார் 1,31,000 குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் வாழ்ந்தன. தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட்ஹாம் அமைந்துள்ள நியூஹாம், இந்த நெருக்கடி மிகக் கடுமையாக உள்ள லண்டன் பகுதிகளில் ஒன்று.

1919ஆம் ஆண்டின் அடிசன் சட்டத்துக்குப் பின்னரே உள்ளூராட்சி மன்றங்கள் பெருமளவில் வீடுகளைக் கட்டத் தொடங்கின. 1980ஆம் ஆண்டில் மார்கரெட் தாட்சர் அரசு, வாடகைக்கு இருப்போர் அவ்வீடுகளைச் சலுகை விலையில் வாங்கும் உரிமையைச் சட்டமாக்கியது. அதன் பின்னர் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. விற்றவற்றுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. 1983 கலவரங்களைத் தொடர்ந்து இலங்கைத் தமிழர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கியபோதே இந்தக் கையிருப்பு குறையத் தொடங்கியிருந்தது.

முன்னுரிமை யாருக்கு?

வீடற்றோர், நெரிசலான அல்லது சுகாதாரக் கேடான வீட்டில் வாழ்வோர், நோய் அல்லது நலன் சார்ந்த காரணங்களால் இடம்மாற வேண்டியோர் ஆகியோருக்கு 1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் முன்னுரிமை தருகிறது. ஆனால் பதிவேட்டில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் பரந்த அதிகாரத்தை 2011ஆம் ஆண்டின் சட்டம் மன்றங்களுக்கு வழங்கியது. அப்பகுதியில் பல ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று லண்டன் மன்றங்கள் பல இப்போது நிபந்தனை விதிக்கின்றன. ஹரோவில் இருப்பவருக்குப் பொருந்தும் விதி, பக்கத்துப் பிரெண்டில் இருப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

பதிவானவர்கள் தேவைக்கேற்ப 'பாண்ட்' எனப்படும் படிநிலைகளில் வைக்கப்படுகின்றனர். காலியாகும் வீட்டுக்கு அவர்கள் 'பிட்' செய்ய வேண்டும். இச்சொல் ஏலத்தை நினைவூட்டுவதால் பணம் கட்ட வேண்டுமோ என்று அஞ்சுவோர் உண்டு. இதில் பணமே இல்லை. விருப்பத்தைத் தெரிவிப்பது மட்டும்தான்.

நெரிசல் பற்றிய கேள்வியே பலருக்கு ஏமாற்றம் தருவது. கணவன், மனைவி, பத்து வயதுக்குட்பட்ட இரு பிள்ளைகள் ஆகியோர் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் வாழ்வது நெரிசல் என்றே எவரும் கருதுவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது நெரிசலாக இல்லாமல் போகலாம். 1935ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 1985ஆம் ஆண்டின் சட்டத்திலும் இடம்பெற்ற அளவுகோலின்படி, வரவேற்பறையும் உறங்கும் அறையாகவே கணக்கிடப்படுகிறது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கிலேயே இல்லை. அறைகள் போதிய அளவுடையவையாக இருந்தால் இந்த நால்வரும் மூவராகி, இரண்டு அறைகளுக்குள் அடங்கி விடுகின்றனர். வீட்டு ஒதுக்கீட்டில் பல மன்றங்கள் இதைவிடத் தாராளமான படுக்கையறை அளவுகோலைப் பின்பற்றுவது ஓரளவு ஆறுதல். எனவே தங்கள் மன்றம் எந்த அளவுகோலைக் கையாள்கிறது என்று எழுத்தில் கேட்பது நல்லது.

விசாவும் வீடும்

அரச நிதி உதவி பெற முடியாது என்ற நிபந்தனையுடன் விசா பெற்ற மாணவர், தொழிலாளர், வாழ்க்கைத் துணைவர் ஆகியோருக்குப் பொதுவாகக் கவுன்சில் வீடு பெறும் தகுதி இல்லை. தம்பதியரில் ஒருவருக்கு மட்டுமே தகுதி இருப்பின், இருவர் பெயரிலும் மன்றம் வாடகை உரிமை வழங்க இயலாது. தகுதியுடையவர் தனித்து விண்ணப்பிக்கலாம். எனினும் அதற்கு முன்னர் குடிவரவுச் சட்டம் அறிந்த சொலிசிட்டரிடம் ஆலோசனை பெறுவது அவசியம்.

தஞ்சம் கோருவோருக்குத் தங்குமிடம் தருவது மன்றமல்ல, உள்துறை அமைச்சு. அமைச்சு ஒருவரை மிடில்ஸ்பரோவில் தங்கவைத்திருந்தால், அகதி அந்தஸ்து கிடைத்த பின்னர் அவருக்குச் சட்டப்படி தொடர்புள்ள ஊர் அதுவே. உறவினர் இருக்கும் லண்டனுக்கு வந்து வீடற்றவராக விண்ணப்பித்தால், வேறு தொடர்பைக் காட்ட இயலாவிடில் அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம்.

வீட்டை விட்டு வெளியேறும் முன்னர்

மிகவும் ஆபத்தான அறிவுரை ஒன்று சமூகத்தில் உலவுகிறது: வீட்டைக் காலி செய்துவிட்டு நின்றால் மன்றம் வீடு தந்தே ஆக வேண்டும் என்பது. தொடர்ந்து வாழக்கூடிய வீட்டைத் தாமாகவே விட்டு வந்தவர் 'வேண்டுமென்றே வீடற்றவர்' என்று தீர்மானிக்கப்பட்டால், நீண்டகால வீட்டுக்கான கடப்பாட்டிலிருந்து மன்றம் விடுபடுகிறது. வீட்டுக்காரரின் வாய்மொழியை நம்பிச் சாவியை ஒப்படைப்பவர்கள் இதில் சிக்குகின்றனர். காரணம் கூறாமலே வெளியேற்ற வழிவகுத்த 21ஆம் பிரிவு நோட்டீஸ் முறையை, 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே முதல் ஒழிக்கிறது. வீடு பறிபோகும் ஆபத்து 56 நாட்களுக்குள் இருந்தாலே மன்றத்தை அணுகலாம். வீதிக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குடும்ப வன்முறைக்கு அஞ்சி வெளியேறி வீடற்றுப்போகும் பெண்ணுக்கு, பிள்ளைகள் இல்லாவிடினும் 2021ஆம் ஆண்டின் சட்டம் முன்னுரிமை அளிக்கிறது.

தரப்படும் வீடு தொலைவில் இருந்தால், அல்லது மாடிப்படி ஏற முடியாத தாய்க்குப் பொருந்தாவிட்டால், மறுக்கலாமா? மறுப்பதே இயல்பான எதிர்வினை. ஆனால் அதுவே பெரும் இழப்பாக முடியக்கூடும். வீடற்றோராக ஏற்கப்பட்டவர்கள், தரப்பட்ட வீட்டை ஏற்றுக்கொண்டு அதே வேளையில் அது பொருத்தமற்றது என்று மீளாய்வும் கோரலாம். இதற்கு 21 நாட்களே அவகாசம். மறுத்துவிட்டு மீளாய்வில் தோற்றவருக்கு, அந்த வீடும் இல்லை, மன்றத்தின் கடப்பாடும் இல்லை. மீளாய்வு முடிவில் சட்டப் பிழை இருப்பின், மேலும் 21 நாட்களுக்குள் கவுண்டி நீதிமன்றத்தை நாடலாம்.

பெற்றோருக்குப் பின்னர்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீடு பெற்ற முதல் தலைமுறை முதுமையடைந்து வருகிறது. தந்தையின் கவுன்சில் வீட்டில் வளர்ந்த மகன் அதில் தொடரலாமா என்பது இப்போது முக்கியமான கேள்வி. 2012 ஏப்ரலுக்கு முன்னர் தொடங்கிய வாடகை உரிமையாயின், உடன் 12 மாதங்கள் வாழ்ந்த குடும்ப உறுப்பினர் அதைப் பெறலாம். அதன் பின்னர் தொடங்கியதாயின், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறினாலன்றி வாழ்க்கைத் துணைக்கு மட்டுமே. ஆனால் இந்த மாற்றம் ஒரு முறைதான். தந்தை இறந்து உரிமை தாய்க்குச் சென்றிருந்தால் அந்த ஒரு முறை முடிந்துவிட்டது. தாய் இறந்ததும் மகன் வெளியேற வேண்டி வரலாம். பெற்றோர் இருவர் பெயரிலும் வீடு இருந்திருந்தாலும் இதுவே நிலை. உரிமை பெறும் பிள்ளைக்கு வீடு பெரிதாயின், சிறிய வீட்டுக்கு மாற்ற மன்றம் நீதிமன்றம் செல்லலாம். சங்கங்களின் வீடுகளுக்கு விதிகள் சற்று வேறுபடும்.

வாங்கும் உரிமை இன்னும் உண்டு. ஆனால் லண்டனில் 1,36,400 பவுண்டுகள் வரை இருந்த சலுகை, 2024 நவம்பரில் பெரும்பாலான பகுதிகளில் 16,000 பவுண்டுகளாகக் குறைக்கப்பட்டது. வீட்டை முழுமையாக மற்றொருவருக்கு வாடகைக்கு விடுவது 2013ஆம் ஆண்டிலிருந்து குற்றமாகும்; இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் உறவினரிடம் பணம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்போரும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

ஈரக்கசிவு, பூஞ்சணம் குறித்த முறைப்பாடுகளில்தான் அண்மையில் உண்மையான மாற்றம் ஏற்பட்டுள்ளது. ரொச்டேல் நகரில் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. அவசர ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரக்கசிவை 10 வேலை நாட்களுக்குள் ஆராய்ந்து, அடுத்த 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதற்குப் பெரும்பாலும் சான்று இராது என்பதால், தேதியுடன் எழுத்தில் முறையிட்டுப் புகைப்படங்களை வைத்திருப்பது முக்கியம். பதில் திருப்தி தராவிடில் வீடமைப்பு ஓம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வெளியேற்ற வழக்கில் நீதிமன்றம் அழைத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் ஏற்பாடு 2023 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளது. வழக்கு நாளன்று நீதிமன்றத்திலேயே அந்தச் சட்டத்தரணி இருப்பார். அதற்கு முன்னரும் நோட்டீஸுடன் அணுகலாம்.