அயல்நாட்டு நோயாளிகளும் தமிழகச் செவிலியர் பணியும்

மருத்துவர் இடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையகம், 1902இல் முழு மருத்துவமனையாக வளர்ந்து, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து செவிலியர் பட்டப்படிப்பையும் பெற்றது. அதே 1946இல்தான் டெல்லியிலும் இப்படிப்பு தொடங்கியது என்பதால், நாட்டில் செவிலியர் தொழிலுக்குப் பட்டத் தகுதி தேடித்தந்த முதல் இரு இடங்களுள் வேலூரும் ஒன்றாகும். அயல்நாட்டு நோயாளிகளைத் தமிழக மருத்துவமனைகள் ஏற்றுப் பேணிய வரலாற்றை, கட்டடங்களிலிருந்தும் கருவிகளிலிருந்தும் தொடங்குவதைவிட இந்தப் பயிற்சி மரபிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

வங்கதேசத்திலிருந்து காட்பாடி ரயில் நிலையம் வழியாக வேலூருக்கு வந்து சேரும் குடும்பங்களின் தொகை பெருகப் பெருக, மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்க எழுத்துப் பலகை மாட்டிய விடுதிகளும் உணவகங்களும் தோன்றின. சென்னையில் 1983இல் அப்போலோ மருத்துவமனை தொடங்கப்பட்டபின், கிரீம்ஸ் சாலைப் பகுதியும் அவ்வாறே மாறியது. அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் மருத்துவச் சேவையை ஏற்றுமதிக்கு நிகராகக் கருதிச் சலுகை வழங்கலாம் என 2002ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை கூறியது. நோயாளிக்கும் உடன்வருவோருக்கும் தனித்தனி மருத்துவ விசாக்களும் நடைமுறைக்கு வந்தன.

இவ்வளவும் வார்டில் செவிலியரின் கடமையாகவே வந்து நிற்கின்றன. மருந்து கொடுக்குமுன் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால், மொழி புரியாத நோயாளி மரியாதைக்காகவே தலையசைத்துவிடக்கூடும், ஆகவே அவர் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்து, கைப்பட்டையிலுள்ள பதிவெண்ணோடு ஒப்பிட்டபின்னரே ஊசி போடுவது முறை. வலியின் அளவைச் சொல்லால் தெரிவிக்க இயலாதவரிடம், சிரிப்பிலிருந்து அழுகைவரை வரிசையாக வரையப்பட்ட முகப்படங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்வதுண்டு. ரமலான் நோன்பிருக்க விரும்பும் சர்க்கரை நோயாளியின் உணவு வேளையையும் இன்சுலின் வேளையையும் மருத்துவரிடம் எடுத்துச்சொல்லி மாற்றியமைப்பதும், ஊர் திரும்பியபின் மறுபரிசோதனைக்கு எளிதில் வர இயலாதவர்க்கு டிஸ்சார்ஜ் நாளிலேயே புண் கட்டும் முறையைச் செய்துகாட்டி, அவரையோ உடனிருப்பவரையோ திரும்பச் செய்யவைத்துப் பார்ப்பதும் இப்பணியின் மிக நுட்பமான பகுதிகள்.

சொந்த ஊரும் உறவும் தொலைவிலிருக்க, முழுமையாகத் தன்னையே நம்பியிருந்த ஒருவர் தேறி எழுந்து நடப்பதைக் காண்பதில் செவிலியர் அடையும் நிறைவு உண்மையானது, பெருமைக்குரியது. ஆயினும் அந்நிறைவையே ஊதியத்துக்கு ஈடாகக் கருதும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2016இல் அமைக்கப்பட்ட குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்றும், இருநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்டவற்றில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தேவை என்றும் பரிந்துரைத்தது. மொழி கடந்து நோயாளியைப் புரிந்துகொள்ளச் செலவாகும் நேரத்தையும் பணிநேரக் கணக்கில் சேர்த்து, அதற்கேற்ப வார்டுகளில் செவிலியர் எண்ணிக்கையை உயர்த்துவது, அயல்நாட்டு நோயாளிகளால் வருவாய் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையின் கடமையாகும்.