அத்தாவின் மனையில் சிறிய வீடு: அஸ்திவாரத்துக்கு முன் தீர்க்க வேண்டிய பங்கு

"ஹஜ்ரத், வர்ற வெள்ளிக்கிழமை அஸ்திவாரம் போடுறோம், துஆ செய்ய நீங்க வரணும்" என்று அழைப்பவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "இடம் யார் பேரில் இருக்கிறது?" என்பதுதான். "அத்தா இடம்தான் ஹஜ்ரத்" என்று பதில் வரும். அத்தா மவுத்தாகி எத்தனை வருடம், பங்கு பிரித்தாகிவிட்டதா என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி செல்லும் சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரமும் அதைச் சுற்றிய கிராமங்களும் விவசாய பூமி. நகரத்தில் மனை வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு ஊரில் இருக்கும் குடும்ப நிலமே பெரிய ஆறுதல். மனைக்கான செலவு மிச்சமாவதால் கையில் இருக்கும் சில லட்சத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்ற கணக்கு சரியானதே. ஆனால் அந்த நிலம் உண்மையில் யாருடையது என்று தெளிவாகாமல் கட்டினால், மிச்சம் பிடித்த பணம் பிறகு வக்கீலுக்கும் பஞ்சாயத்துக்கும் போய்விடும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அத்தா விட்டுச் சென்றது 5 சென்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி. அவருடைய பெற்றோர் முன்பே மவுத்தாகிவிட்டார்கள்; கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 272 சதுர அடி. மீதியை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐந்தாகப் பிரித்தால், ஒவ்வொரு மகனுக்கும் 762 சதுர அடி, மகளுக்கு 381 சதுர அடி வரும்.

நாட்டின் சட்டமும் இதையே ஏற்கிறது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் விலக்கப்பட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. எனவே நம் மாநிலத்தில் வீட்டுமனையானாலும் தோட்டமானாலும் முஸ்லிம்களுக்கு ஃபராயிள் கணக்குத்தான். "தோட்டத்தில் பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கில்லை" என்று சொல்பவருக்கு ஷரீஅத்தும் துணையில்லை, சட்டமும் துணையில்லை.

அந்த 381 சதுர அடியில்தான் பிரச்சினை தொடங்குகிறது. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தபோது நகை போட்டோம், சீர் செய்தோம், இனி என்ன பங்கு என்கிறார்கள். நகையும் சீரும் அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அல்லாஹ் நிர்ணயித்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்துக்கொண்டவருடைய கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற கருத்தில் வரும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்த நிலத்தின் மேல் எழும் வீட்டில் நின்று நாம் பரக்கத்துக்கு துஆ செய்வது எப்படி?

சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது செல்லும். ஆனால் அண்ணன்மார் நான்கு பேர் சூழ்ந்து நிற்க, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டு வாங்கும் சம்மதத்தை நாம் சம்மதமாகக் கருதுவதில்லை. முதலில் பங்கின் மதிப்பைச் சொல்லுங்கள். அதைப் பணமாகக் கொடுக்க முன்வாருங்கள். ஒரே தொகையாக முடியாவிட்டால் தவணை பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரிசு தொகை பெற்றுக்கொண்டு விலகிக்கொள்வதை ஃபிக்ஹில் 'தகாருஜ்' என்பார்கள். பதிவு அலுவலகத்தில் அதற்கு விடுதலைப் பத்திரம். குடும்பத்தினருக்குள் எழுதப்படும் இதற்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றப்பட்டது. சிறிய மனைக்கு இந்த உச்சவரம்புவரை போக வேண்டியிருக்காது. அம்மாவின் பங்கையும் மறக்க வேண்டாம். "அம்மா நம்மோடுதானே இருக்கிறார்" என்பது பங்கு கொடுத்ததாகாது.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர்கள்தான் இருக்கும், பங்கு விகிதம் இருக்காது. கணக்கை ஓர் ஆலிமிடம் எழுதி வாங்கி, அதை வைத்துப் பாகப்பிரிவினையோ விடுதலையோ பதிவு செய்து, பிறகு பட்டா மாற்றத்துக்கும் உட்பிரிவுக்கும் விண்ணப்பிப்பது சரியான வரிசை.

அத்தா உயிரோடு இருந்தால் விஷயம் வேறு. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துப் போலப் பிறப்பால் வரும் உரிமை நம்மில் இல்லை. அவர் இருக்கும்வரை நிலம் முழுவதும் அவருடையது. வெளிநாட்டில் உழைத்த மகன் அத்தாவின் மனையில் தன் காசைப் போட்டு வீடு கட்டுகிறார் என்றால், அந்தப் பணம் அத்தாவுக்கு அன்பளிப்பா, கடனா, அல்லது இடத்தை மட்டும் இரவலாக வாங்கி வீட்டைத் தனக்காகக் கட்டுகிறாரா என்பதை அன்றே பேசி எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், ஜனாஸா முடிந்த சில மாதங்களில் தம்பி வந்து, "இது அத்தா வீடுதானே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம்.

அத்தா இடத்தையே மகனுக்குக் கொடுக்க விரும்பினால் ஹிபா செய்யலாம். கொடுப்பதாகச் சொல்வது, பெறுபவர் ஏற்பது, கைவசம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நடக்க வேண்டும். "எனக்குப் பிறகு உனக்கு" என்றால் அது ஹிபா அல்ல, வஸிய்யத். வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு அழைத்த தோழரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, சாட்சியாக மறுத்த சம்பவம் நினைவிருக்கட்டும். வாய்மொழி ஹிபாவைச் சட்டமும் ஏற்கிறது என்றாலும், பட்டாவுக்கும் அரசு உதவிக்கும் பதிவு செய்த பத்திரம்தான் கைகொடுக்கும்.

அரசு உதவியைச் சொன்னதும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கிராமப்புறக் குடிசைவாசிகளுக்கு வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். குறைந்தது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. இதற்கும் சொந்த இடமும் பட்டாவும் வேண்டும். பங்கு பிரிக்காததால் தகுதி இருந்தும் உதவியை இழப்பது வேதனையான விஷயம். வரைபட அனுமதியைப் பொறுத்தவரை, 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதற்கும் கேட்பது பத்திரமும் பட்டாவும்தான்.

வட்டிக் கடன் தவிர்க்க வேண்டியது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் வீடு சிறியதாக இருக்கட்டும் என்கிறோம். 360 சதுர அடியில் ஒரு அறை, கூடம், சமையலறை வந்துவிடும். மாடி பிறகு எழுப்பும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரத்தையும் தூண்களையும் இப்போதே அதற்கேற்பப் போடச் சொல்லுங்கள். பின்னால் பலப்படுத்துவது இரட்டைச் செலவு. 300 சதுர அடிக் கூரைக்கு 5 அங்குல கனம் என்றால் 125 கன அடி கான்கிரீட். வழக்கமான 1:1.5:3 கலவையில் ஏறத்தாழ 28 மூட்டை சிமெண்ட். மேஸ்திரி 45 மூட்டை என்றால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவார்கள். செங்கல் கால் பங்கு மிச்சமாகும், வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும்; பழகாதவர் கையில் கொடுத்தால் மிச்சத்துக்குப் பதில் நட்டம்தான். எகிப்தில் ஹசன் ஃபத்ஹி என்ற கட்டடக் கலைஞர் 1940களில் லக்ஸருக்கு அருகே ஏழைகளுக்காக மண் செங்கலில் ஒரு கிராமத்தையே கட்டினார். வீடுகள் அழகாக இருந்தன, ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிவர மறுத்தார்கள். கல்லூரியில் இதைப் படித்தபோது விந்தையாக இருந்தது. வீட்டில் சமைக்கும் பெண்களைக் கேட்காமல் நம் ஊரில் சமையலறை கட்டுவதைப் பார்த்த பிறகு விந்தையாகத் தோன்றவில்லை.

மண்ணையும் பாருங்கள். செம்மண்ணாக இருந்தால் கவலை குறைவு. கரிசலாக இருந்தால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அஸ்திவாரத்தை அப்படியே பின்பற்றாமல் பொறியாளர் ஒருவருக்குச் சிறு கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை மாதத்தில் வேலையைத் தொடங்குவது நல்லது. கூரை போட்ட பிறகு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். சித்திரை, வைகாசியில் கிணறு வற்றிப்போனால் அந்தத் தண்ணீரையும் லாரியில்தான் வாங்க வேண்டியிருக்கும்.