யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பமும் அதன் பொது இலக்குகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கிறித்தவக் குடும்பம் ஒன்று தனக்கெனப் பயனுள்ள இலக்குகளை ஒருமித்து வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அறவுரைகளிற் பெரிதும் வற்புறுத்தப்படும் கருத்தாகும். அங்கு அது தனிமனித ஒழுக்கம் பற்றிய பிரச்சினையாகவே நோக்கப்படுகின்றது. ஆனால் குடும்பத்தின் இலக்குகள் ஒரு குறித்த சமூகத்தின் உடைமை உறவுகளுக்கும் தொழில் வாய்ப்புகளுக்கும் அமைய உருப்பெறுவன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த குடும்பங்களின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அக்குடும்பங்களின் இலக்குகளை வகுத்தவர் யாவர்? அவை எந்த அளவிற்கு ஒருமித்து வகுக்கப்பட்டன? இவ்விரு வினாக்களையே நாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். இவ்விரண்டும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள் எனக் கொள்ளுதல் பொருந்தும். செமினரியிற் கற்று மதம் மாறிய இளைஞன் சைவப் பெண்ணை மணப்பின், ஒரு தலைமுறையிலேயே அவன் வீடு பழைய வழிக்குத் திரும்பிவிடும் என்ற அச்சம் மிஷனரிமாருக்கு இருந்தது. எனவே கிறித்தவ மனைவியரை உருவாக்குவது அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோரை ஈர்க்கும் பொருட்டுக் கற்கையை முடிக்கும் பெண்களுக்கு மிஷனே சீதனம் வழங்கியது. பழைய வழக்கைச் சாடவந்தோர் அவ்வழக்கினூடாகவே தம் குடும்பத்தை அமைக்க நேர்ந்தமை கவனித்தற்குரியது. ஆகவே தொடக்கக் கட்டத்திற் குடும்பத்தின் இலக்கு குடும்பத்துக்கு வெளியே வகுக்கப்பட்டது என்றே கூறவேண்டும்.

எனினும் விளைவுகள் வகுத்தோரின் எண்ணத்துள் அடங்கவில்லை. 1840 முதல் 1879 வரை உடுவிலிற் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரிடம் கற்ற பெண்கள் எழுத்தறிவுடன் இல்லறம் புகுந்தனர். கணவனும் மனைவியும் ஒரே நூலை வாசிக்கவும், பிள்ளைகளின் கல்வி பற்றி இருவரும் பேசித் தீர்மானிக்கவும் வாய்ப்பு ஏற்பட்டது. குடும்பத்தின் இலக்குப் பொதுமையடைவதற்கு இதுவே மெய்யான முதற்படி எனலாம்.

இம்மாற்றத்தின் எல்லையைத் தேசவழமை வரையறுத்தது. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட அச்சட்டம் முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனக் குடும்பச் சொத்தை வகுத்தது. மணவாழ்க்கையில் ஈட்டப்பட்ட தேடியதேட்டத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆனால் கணவனின் சம்மதமின்றித் தன் சொந்தக் காணியைத்தானும் அவளால் விற்க இயலாது. தேடுவது இருவரும், தீர்மானிப்பது ஒருவர். மதம் மாறிய குடும்பமும் இம்முரண்பாட்டினின்றும் விடுபடவில்லை.

மிஷனின் இலக்கும் குடும்பத்தின் இலக்கும் வேறானவை என்பது 1855 இல் வெளிப்படையாயிற்று. மிஷனுக்கு வேண்டியவர் சுதேச உபதேசிமார். குடும்பங்களுக்கு வேண்டியது ஆங்கிலக் கல்வியும் அதன்வழி அரசாங்க உத்தியோகமும். அவ்வாண்டு அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டேர்சன் தலைமையிலான தூதுக்குழு சுதேச மொழிக் கல்வியையே வற்புறுத்திற்று. செமினரி மூடப்பட்டது. ஆயினும் குடும்பங்கள் அம்முடிவுடன் அமைந்துவிடவில்லை. பழைய மாணவரும் சுதேசக் கிறித்தவரும் உயர்கல்வி நிலையம் ஒன்றுக்காக முயன்று, அமெரிக்க நண்பர்களின் துணையையும் பெற்றனர். அதன் பேறாக 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. பிறர் வகுத்த இலக்கை ஏற்றிருந்த குடும்பங்கள் தமது இலக்கைத் தாமே முன்வைத்துச் சாதித்த நிகழ்வு இதுவாகும்.

ஆனால் அவ்விலக்கின் வர்க்க இயல்பையும் நாம் மறந்துவிடலாகாது. செமினரி மாணவரிற் பெரும்பாலோர் வேளாளர். உத்தியோகம் பெற்ற மகனுக்குச் சீதனம் பெருகியது. மகளின் கல்வியும் மணச்சந்தையில் ஒரு தகைமையாக மதிக்கப்பட்டது. தேவாலயத்தில் ஒன்றாக வழிபட்டோர் மணவுறவிற் சாதி எல்லையைப் பேணினர். குடும்பம் ஒன்றிணைந்து முன்னேறிற்று. அம்முன்னேற்றம் அயலாரைப் பெரும்பாலும் உள்ளடக்கவில்லை.

இக்குறைபாட்டை எதிர்த்த குரலும் அதே கல்விச் சூழலிலிருந்தே எழுந்தது. 1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு தோன்றிப் பின் வாலிபர் காங்கிரசாக வளர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரும் கிறித்தவக் குடும்பத்தவருமான ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர். சைவரும் கிறித்தவரும் ஒன்றுகூடிய அவ்வியக்கம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துச் சமபந்தியை நடத்திக் காட்டியது. பாடசாலைகளிற் சம ஆசனம் கோரிய போராட்டத்துக்கும் ஆதரவளித்தது. முன்னைய தலைமுறை குடும்ப உயர்வுக்காகத் தேடிய கல்வி, பின்னைய தலைமுறையிற் சமூக விடுதலைக்கான கருவியாயிற்று.

மேற்கண்டவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? ஒரே கூரையின்கீழ் வாழ்தல் மட்டும் இலக்கைப் பொதுவாக்கிவிடாது. தீர்மானிப்பதில் மனைவிக்குச் சம உரிமை இல்லாதவிடத்து அது கணவனின் இலக்கே. அயலானுக்கு இடமில்லாதவிடத்து அது ஒரு சாதியின் இலக்கே. உடுவிலில் எழுத்தறிவு பெற்ற பெண்களும், 1872 இற் கல்லூரி கண்ட குடும்பங்களும், சமபந்தியில் அமர்ந்த இளைஞரும் இவ்வெல்லைகளைப் படிப்படியாக விரித்தனர். அவ்விரிவின் வரலாறே கிறித்தவக் குடும்பத்தின் பயனுள்ள இலக்குகளின் வரலாறாகும். சீதனமும் சாதியும் மணவறையைத் தீர்மானிக்கும் வரை அவ்வரலாறு நிறைவுபெற்றதாகக் கருத முடியாது.