ஜப்பான் வரைந்த ராமர், பம்பாய் போட்ட மெட்டு

மார்கழி விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், திருப்பாவை காதில் விழாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. ஆண்டாள் பாடி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்று கச்சேரியிலும் ஒலிபெருக்கியிலும் கேட்கிற மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 20ஆம் நூற்றாண்டில் அமைத்தவை. எம்.எல்.வசந்தகுமாரியின் ரெக்கார்டு அவற்றை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. சொல் பழசு, மெட்டு புதுசு!

இதே வேலையை ராமாயணத்துக்குச் செய்தவர் வன்ராஜ் பாட்டியா. அதுவும் ஒரு ஜப்பான் அனிமே படத்துக்காக. கார்ட்டூன் நெட்வொர்க்கில் ராமர் கதை பார்த்து வளர்ந்த ராஜபாளையம் பிள்ளைகளுக்குப் படம் ஞாபகம் இருக்கும். இசை யார் என்று கேட்டால் முழிப்பார்கள்.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983ல் ஒரு டாக்குமெண்டரி எடுக்க இந்தியா வந்தார். ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக்காரர் ராமரைக் கார்ட்டூனாக வரைவதா என்று இங்கே எதிர்ப்பு. இந்திய அரசும் கூட்டுச் சேரவில்லை. கடைசியில் சுமார் 450 ஓவியர்களை வைத்து ஜப்பானிலேயே வரைந்தார்கள். ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் அவருடன் சேர்ந்து இயக்கினார்கள்.

படம் ஜப்பானில் தயாரானது, பேச்சு ஆங்கிலம். அப்படியானால் இதில் இந்திய வாசனை எங்கிருந்து வரும்? பாட்டிலிருந்துதான். பாடல்களை சமஸ்கிருதத்தில் எழுதினார் வசந்த் தேவ். மெட்டுப் போட்ட வன்ராஜ், லண்டன் ராயல் அகாடமியிலும் பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடமும் மேற்கத்திய இசை படித்தவர். ஷியாம் பெனகலின் 'அங்குர்' முதல் தூர்தர்ஷனின் 'பாரத் ஏக் கோஜ்' வரை இசை அவர்தான். (லிரில் சோப்பு விளம்பரத்தின் அந்த "லா லலலா"வும் அவருடையதே!)

படத்தின் நேரம்தான் சரியில்லை. 1992 டிசம்பர் 6ல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே டெல்லி திரைப்பட விழாவில் ராமர் படம். அப்புறம் பெரிய அளவில் தியேட்டருக்கு வரவேயில்லை. படத்துக்கு முன்னால் கேசட் வந்து, பாட்டு ஹிட்டாகி, அதை நம்பியே டிக்கெட் விற்ற காலம் அது. இங்கேயோ விற்கத் தியேட்டரே இல்லை. பிறகு இந்தி டப்பிங்கில் பாட்டும் இந்தியானது. டிவிதான் அதைக் காப்பாற்றியது. ஆனால் டிவியில் கேட்டவர் யாரும் கடைக்குப் போய் வாங்கப்போவதில்லையே.

இசையமைப்பாளரின் ராயல்டி உரிமையை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது 2012ல். வன்ராஜின் முக்கியமான வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதே 2012ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019ல் அவர் கையில் பணமில்லாமல் சிரமப்படுகிறார் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. பட்டமும் பணமும் வேறு வேறு கணக்கு போல.

சாகோ 2012லும், வன்ராஜ் 2021லும் காலமானார்கள். படம் 2025 ஜனவரி 24ல் இந்தியத் தியேட்டர்களுக்கு முறையாக வந்தது, தமிழிலும்கூட.