கொத்துச்சாவி போய் ஒத்தச்சாவி வந்த கதை

குற்றாலத்துல சீசன் நேரத்துல அருவிக்குக் குளிக்கப் போனவர் லாட்ஜ் சாவியைத் தண்ணியோட விட்டுட்டு வந்து நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது. மேனேஜர் முணுமுணுத்துக்கிட்டே மாஸ்டர் சாவியோட வருவார். எல்லா ரூமும் திறக்கும். கம்ப்யூட்டர்லயும் 'மாஸ்டர் பாஸ்வேர்டு'ன்னு ஒண்ணு இருக்கு, ஆனா சங்கதி தலைகீழ். சாவி நம்மகிட்ட மட்டும்தான். தொலைச்சா வந்து திறக்க மேனேஜர் கிடையாது.

பாஸ்வேர்டு பிறந்தது 1960-களின் தொடக்கத்துல. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பலபேர் பங்குபோட வழி செஞ்சாங்க. அவங்கவங்க கோப்பு அவங்கவங்களுக்கு மட்டும்னு ஆளுக்கொரு ரகசியச் சொல். அது பிறந்த கையோட களவும் ஆரம்பிச்சாச்சு! 1962-ல ஆலன் ஷெர்னு ஒரு ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கின வாரம் நாலு மணி நேரம் பத்தலைன்னு பாஸ்வேர்டு கோப்பு மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்துட்டார். 1966-ல இன்னும் கூத்து. ரெண்டு கோப்பு இடம் மாறிப்போய், உள்ளே வர்ற எல்லாருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலா எல்லாரோட பாஸ்வேர்டும் டெர்மினல்ல டைப் ஆகி வந்துச்சு.

1979-ல ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 பாஸ்வேர்டுகளை ஆராய்ஞ்சு பார்த்தாங்க. 86 சதவீதம் சுலபமா கண்டுபிடிக்கிற ரகம். ஒண்ணு ரெண்டையே ஒழுங்கா வைக்கத் தெரியாத மனுஷன்கிட்ட அப்புறம் மெயில், பேங்க், ரயில் டிக்கெட்னு நூறு பூட்டைக் குடுத்தா என்ன ஆகும்? எல்லாத்துக்கும் குழந்தை பேருதான் :-)

இதுக்கு மருந்தா 1997-ல ப்ரூஸ் ஷ்னையர் 'பாஸ்வேர்டு சேஃப்'னு ஒரு நிரல் வெளியிட்டார். எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு, மனசுல ஒரே ஒரு சாவி. 2003-ல கீபாஸ் வந்துச்சு.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1996-ல அட்வென்ட்நெட்டா தொடங்கி 2009-ல பேர் மாத்துன ஸோஹோ, 2011-ல தென்காசி பக்கம் மத்தளம்பாறையில அலுவலகம் போட்டுச்சு. அவங்க வச்சிருக்கிற 'ஸோஹோ வால்ட்'டும் இதே கொள்கைதான். நம்ம மாஸ்டர் பாஸ்வேர்டு அவங்க சர்வர்ல கிடையாது. பூட்டின பெட்டியை மட்டும் பத்திரமா வச்சிருப்பாங்க. நாம மறந்துட்டா மத்தளம்பாறைக்கே நேர்ல போய் நின்னாலும் திறந்து தர முடியாது. கேட்க கொடுமையா இருக்கும். ஆனா அவங்களால திறக்க முடியும்னா, அவங்ககிட்ட திருடுறவனாலயும் திறக்க முடியும்லா?

பெட்டியே களவு போனா? 2022-ல லாஸ்ட்பாஸ் நிறுவனத்துல அதுதான் நடந்துச்சு. வாடிக்கையாளர்களோட பெட்டிகளின் நகல் திருடன் கைக்குப் போயிடுச்சு. பூட்டு உடையலை. ஆனா மாஸ்டர் பாஸ்வேர்டை ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க அவனுக்கு எத்தனை வருஷம் வேணாலும் இருக்கு. ஒவ்வொரு முயற்சியையும் மெதுவாக்க ஒரே கணக்கைப் பல ஆயிரம் தடவை திருப்பிப் போட வைக்கிறது வழக்கம். பழைய கணக்கு சிலதுல அது 5,000 தடவைதான். 2023-ல 6 லட்சமா ஏத்தினாங்க. திருட்டு நடந்த விதத்தைக் கேளுங்க. அந்த நிறுவனத்து எஞ்சினியர் ஒருத்தரோட வீட்டுக் கம்ப்யூட்டர்ல புகுந்து, அவர் டைப் அடிச்ச மாஸ்டர் பாஸ்வேர்டையே சுட்டுட்டாங்க.

அதனால ஒத்தச்சாவியே வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். நூறு இடத்துல ஒரே பாஸ்வேர்டு வைக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். நாலஞ்சு சம்பந்தமில்லாத சொல்லைக் கோத்து நீளமா வைங்க. ஷ்னையரே 2005-ல, பாஸ்வேர்டைத் தாள்ல எழுதிப் பர்ஸ்ல வைங்கன்னுதான் சொன்னார். நான் பர்ஸை விட பீரோவைச் சொல்வேன், நகைப்பெட்டி பக்கத்துல. அப்படியே வீட்டுல இன்னொருத்தர்கிட்டயும் இடத்தைச் சொல்லி வைங்க. குடும்பத் தலைவர் திடீர்னு போயிட்டா பேங்க் பாஸ்புக் பீரோவுல கிடைக்கும், இந்தச் சாவி அவரோடயே போயிடும்.