ஒரே உலகு, ஒரே ஆட்சி: ஆதாயம் யாருக்கு?



உலகம் முழுவதற்கும் ஒரே அரசு அமைந்துவிட்டால் போர் ஒழியும், எல்லைகள் மறையும், பசி தீரும் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு இனிமையான பேச்சுதான். ஆனால் அந்த அரசை நடத்துபவர் யார்? அவர் அநீதி இழைத்தால் தட்டிக் கேட்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது தர்மபுரி மண்ணின் வரலாறே போதுமானது.

பாராமகால் தரும் பாடம்

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பகுதி அன்று பாராமகால் எனப்பட்டது. அது மைசூர் அரசின் ஆளுகையில் இருந்தது. 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனி, ஹைதராபாத் நிஜாம், மராட்டியர் ஆகிய மூவரும் திப்பு சுல்தானுக்கு எதிராகக் கைகோத்தனர். திருவிதாங்கூர் மீது திப்பு படையெடுத்ததைக் கம்பெனி காரணமாகக் காட்டியது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். அதுவரை தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார்.

பாராமகால் கம்பெனியின் பங்காயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கு வந்து நிலங்களை அளந்து வரி விதித்தனர். உழவரிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. இடைத்தரகர் நீங்கியது நன்மையே. ஆயினும் வரி எவ்வளவு என்று தீர்மானித்தது கம்பெனி, கொடுத்தது உழவர்.

கூட்டாளிகளின் கதி என்ன?

இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன கம்பெனியின் படையை நிஜாம் 1798இல் தம் செலவில் ஏற்றுக்கொண்டார். 1799இல் திப்பு வீழ்ந்தார். மறு ஆண்டே, மைசூரிடமிருந்து தமக்குக் கிடைத்த நிலங்களை அப்படையின் செலவுக்காக நிஜாம் கம்பெனியிடமே ஒப்படைத்தார்! மராட்டியப் பேஷ்வா 1802இல் அதே வலையில் விழுந்தார். 1818இல் அவருடைய ஆட்சியே முடிந்தது. ஒருவருக்கொருவர் அஞ்சிய மூன்று அரசுகளும் நான்காமவருக்கே வழிவிட்டன. அந்த ‘அமைதி’யின் ஆதாயம் யாருக்குச் சென்றது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

சென்ற நூற்றாண்டிலும்

முதல் உலகப் போருக்குப்பின் சர்வதேச சங்கம் தோன்றியது. பாலஸ்தீனமும் இராக்கும் பிரிட்டனுக்கும், சிரியாவும் லெபனானும் பிரான்ஸுக்கும் ‘பொறுப்பாட்சி’ என்ற பெயரில் கிடைத்தன. 1945இல் 51 நாடுகளுடன் ஐ.நா. சபை பிறந்தது. இன்று உறுப்பினர் 193. எனினும் பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு மட்டுமே வீட்டோ அதிகாரம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் குறித்த தீர்மானத்தை ரஷ்யா தடுத்தது. 2023 டிசம்பரில் காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்கா தடுத்தது. இன்றைய ஏற்பாட்டிலேயே வலியவர் சட்டத்திற்கு மேலே நிற்கின்றனர். அவர்களிடமே படையும் வரியும் நீதிமன்றமும் சேர்ந்துவிட்டால் முறையிட எங்கே செல்வது?

எது நல்ல ஒற்றுமை?

நாடுகள் கூடிச் செயல்படுவது வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டதே! பகைமை பாராட்டிய அமெரிக்காவும் சோவியத் நாடும் அப்பணியில் இணைந்து உழைத்தன. அதற்கு ஓர் உலக அரசு தேவைப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் கண்ட உடன்படிக்கையிலும் முஸ்லிம்களும் யூதர்களும் தத்தம் மார்க்கத்திலேயே நின்று, ஊரின் பாதுகாப்பில் ஒன்றுபட்டனர்.

எனவே வாசகர்களே, ஒற்றுமையின் பெயரால் எவர் அழைத்தாலும் அழைப்பின் இனிமையில் மயங்காதீர்கள். வரியை விதிப்பவர் யார், படையை வைத்திருப்பவர் யார், அவரையும் விசாரிக்க ஒரு மன்றம் உண்டா என்று கேளுங்கள். பாராமகாலின் உழவருக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. சிந்திப்போமாக!